செசில் ஜோர்ஜுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்

லா சப்பல், பரிஸ்
22 ஒக்டோபர் 2025, புதன்கிழமை

அன்புள்ள மகள் அனுஜாவுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் தம்பி றொபின்சனும் சுகம், என் முழங்காலும் அப்பாவின் சீனி வருத்தமும் வழக்கம்போலத் தங்கள் பாட்டில் இருக்கின்றன, அங்கே இங்கிலாந்தில் நீயும் மார்ஜரி அன்ரியும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். கையில் போன் இருக்க அம்மாவுக்கு ஏன் காகிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் மூன்றாவது வசனத்திலேயே பிரெஞ்சில் குறுக்கிட்டு என்னை விசாரணை செய்யத் தொடங்கிவிடுவாய், காகிதத்தில் என்றால் முடியும்வரை நீ வாய் திறக்க முடியாது. நான் ஒரு பிழை செய்துவிட்டேன் பிள்ளை. 31ஆம் திகதி நீ மார்ஜரி அன்ரியைக் கூட்டிக்கொண்டு கார் து நோர் ஸ்ரேஷனில் இறங்குவதற்கு முன் அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பத்தெட்டு வயதில், வாழ்நாளில் ஒரே ஒரு தரம் மாமனின் கல்லறையைப் பார்க்க வருகிற மனிசி, என் பிள்ளையைத் தன் மேல்மாடி அறையில் மூன்று வருடமாக வைத்துச் சூப்பும் வைத்துக் கொடுக்கிற மனிசி, அவரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே இரண்டு நாளும் நினைத்து நினைத்துச் சிரித்ததில் விலாவும் நோகிறது. இரண்டும் உண்மை, கேள்.

எல்லாம் உன் அப்பாவில் தொடங்கியது. ஓகஸ்டில் நீ போன் எடுத்து, மார்ஜரி அன்ரியின் அம்மாவுடைய தமையன் முதலாம் உலக யுத்தத்தில் இங்கே அமியானுக்கு அந்தப் பக்கம் செத்தவர், கல்லறையைக் கண்டுபிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொன்னாயே, அதோடு அவர் சம்பளத்துக்கு விளையாடிய உதைபந்தாட்டக்காரர் என்று ஒரு சொல்லையும் சொல்லிவிட்டாய். அப்பாவிடம் சொல்லக்கூடாத சொல் அது. அடுத்த ஞாயிறே றொபின்சனையும் கிளப்பிக்கொண்டு போய், வெள்ளைக் கல் வரிசைகளுக்குள் அரை நாள் தேடிக் கண்டுபிடித்து, கல்லறைக்கு முன்னால் நின்று தன் உதைபந்தாட்டக் கழகத்து ஆட்கள் எல்லோருக்கும் வீடியோ அனுப்பினார். (றொபின்சன் மூன்றாம் தரம் எழுதிக் கார் ஓடுகிற பெர்மி எடுத்துவிட்டான், போகும்போதும் வரும்போதும் நான் பின் சீற்றில் முழுச் செபமாலை சொன்னேன், அது தனிக் கதை.) அப்பாவின் கழகத்தில் அப்போது ஒரு பெரிய இக்கட்டு. வருடா வருடம் யாராவது அமரரின் ஞாபகார்த்தக் கிண்ணம் என்றுதான் இலையுதிர்காலப் போட்டி வைப்பார்கள், இந்த வருடம் கர்த்தரின் கிருபையால் கழகத்தில் ஒருவரும் சாகவில்லை. கிண்ணம் வாங்கியாயிற்று, ஒபர்வில்லியேயில் மைதானமும் எடுத்தாயிற்று, பெயர் வைக்க ஆள் இல்லை. கரிகாலன் தனக்கு இதய ஒபரேஷன் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ என்று கூட்டத்தில் பகிடி விட்டானாம். அந்த நேரத்தில்தான் உன் அப்பா வெற்றியோடு எழும்பி, என்னட்டை ஒராள் இருக்கு, அதுவும் உண்மையான புரொபெஷனல் என்று சொல்லியிருக்கிறார். நவம்பர் முதலாம் திகதி சனிக்கிழமை செசில் வின்சன்ற் ஜோர்ஜ் ஞாபகார்த்தக் கிண்ணம், அடுத்த நாள் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் போய் அவருக்குப் பூ வைப்பது என்று தீர்மானமாயிற்று.

நோட்டீஸ் எழுதுவது யார்? வேறு யார். இருபது வருடமாக லா சப்பலில் எந்த வீட்டில் யார் கண் மூடினாலும் மரண அறிவித்தல் எழுத என்னிடம்தானே வருகிறார்கள். பூசையில் வாசகம் வாசிக்கிற ஆள், எழுத்தும் முத்து முத்தாய் இருக்கும் என்று. நீ அவரைப் பற்றிப் பிரெஞ்சில் அடித்து அனுப்பிய இரண்டு பக்கத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருந்து எழுதினேன். வாசிக்க வாசிக்க எனக்கு அந்தப் பெடியனைப் பிடித்துவிட்டது அனுஜா. 1891இல் நூலாலைத் தொழிலாளியின் ஏழு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்து, பன்னிரண்டு வயதில் தானும் ஆலைக்குப் போய், ஆலை வாசலில் கந்தல் பந்தை உதைத்துக்கொண்டு நின்ற இடத்தில் ஊர்க் கழகத்தார் கண்டு கூட்டிக்கொண்டு போனார்களாம். இடது கரையில் ஓடுகிறவர், ஆள் கட்டை. மழை நாளில் மற்றவர்கள் சேற்றில் உருண்டு எழும்பி வர, இவர் மட்டும் காற்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் தலைமுடியும் கலையாமல் வருவாராம், அதற்காகவே சொந்த ஊர்ச் சனமே நக்கலாய்க் கூவுமாம். 1914இல் கிண்ணப் போட்டியின் காலிறுதியில் கடைசி நிமிடத்தில் பெனால்ட்டி கிடைத்து, அதைக் கம்பத்துக்கு மேலால் அடித்து, அன்றிலிருந்து ரொட்டிக் கடைக்காரன் அவருடைய தாய்க்கு நேற்றைய ரொட்டியைத்தான் கொடுத்தானாம். பிறகு யுத்தம் வந்து, படையில் சேர்ந்து, பிரான்சுக்கு வந்து, ஓய்வு நாட்களில் இங்கேயும் பந்தடித்திருக்கிறார். தங்கச்சி எல்சிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், நேற்று ஒரு பெனால்ட்டி அடித்தேன், உள்ளே போனது, ரொட்டிக் கடைக்காரனுக்குச் சொல்லு என்று எழுதியிருந்தாரே, அந்த இடத்தில் நான் சிரித்து, சிரிப்பு முடிவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து, 1916 ஒக்டோபர் பன்னிரண்டு. இருபத்தைந்து வயது. அந்த எல்சியின் மகள்தான் நம் மார்ஜரி அன்ரி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தால் கை தன் பழக்கத்தில் போய்விட்டது. இங்கிலாந்து லங்காஷயரைப் பிறப்பிடமாகவும் பிரான்சை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட செசில் வின்சன்ற் ஜோர்ஜ் அவர்கள் கடந்த 12ஆம் திகதி இறைபதம் அடைந்தார், அன்னார் காலஞ்சென்றவர்களான வால்ரர், ஆன் தம்பதிகளின் பாசமிகு மகனும், எல்சியின் அன்புச் சகோதரனும், மார்ஜரியின் ஆருயிர்த் தாய்மாமனும் ஆவார். இதில் ஒரு சொல் பொய் இல்லை, நூற்றுச் சொச்சம் வருடமாகப் பிரான்சில்தானே இருக்கிறார். ஆனால் வருடம் போடவில்லை. நான் எழுதுகிற அறிவித்தல்களுக்கு வருடம் தேவைப்படுவதில்லை, எல்லோரும் அந்தக் கிழமை செத்தவர்கள். கீழே வழக்கம்போல இந்த அறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும் என்று போட்டு, தொடர்புக்கு நம் வீட்டு விலாசமும் என் நம்பரும் போட்டேன். சனிக்கிழமை ஞாபகார்த்தக் கிண்ணம் என்பது அடியில் சின்ன எழுத்தில். அச்சடிக்கிற கிருஷிகன் என்னிடமிருந்து வருகிற தாளை வாசிப்பதே இல்லை, சிலுவையும் இரண்டு மெழுகுதிரியும் கறுப்புக் கரையும் உள்ள அச்சு அவனிடம் ஆயத்தமாக இருக்கும். நீ அனுப்பிய செசிலின் படத்தையும் நடுவில் வைத்து அடித்து, போன புதன்கிழமை ரூ லூயி-பிளாங் தெரு முழுக்கக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டிவிட்டான். வெள்ளைக்காரன் என்று ஒருவருக்குமா தெரியவில்லை என்று கேட்பாய். கறுப்பு வெள்ளைப் படம், நடு வகிடு, மீசை. அந்தக் காலத்தில் ஸ்ரூடியோவில் பவுடர் பூசிக்கொண்டு நின்ற படத்தில் எங்கள் ஆட்களும் அப்படித்தான் இருப்பார்கள். செசில் வின்சன்ற் ஜோர்ஜ் என்று யாழ்ப்பாணத்துப் பங்குகளில் தேடினால் ஊருக்கு ஒருவர் கிடைப்பார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சட்டை மாற்றவில்லை, மணி அடித்தது. கதவைத் திறந்தால் மூன்றாம் மாடித் தில்லைநாயகி அக்கா, ஒரு கையில் இடியப்பச் சட்டி, மறு கையில் சொதி, கண் இரண்டும் சிவந்திருக்கிறது. சுகிர்தம், இப்பிடி ஒண்டும் சொல்லாமல் கொள்ளாமல் போட்டாரே என்று என்னைக் கட்டிப் பிடித்தார். நான் நினைத்தேன் அவருடைய புருஷன் இரத்தினம் அண்ணைக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று. எனக்கும் அழுகை வந்துவிட்டது, வராதா, பதினெட்டு வருடப் பழக்கம். ஐயோ அக்கா, நேற்றும் படியிலை கண்டனானே, சிரிச்சுக்கொண்டு போனாரே என்று நான் அழ, நேற்றோ என்று அவர் இன்னும் பெரிதாக அழ, இரண்டு பேரும் கதவடியில் நின்று ஒருவரை ஒருவர் தேற்றினோம். நல்ல பத்து நிமிடம். அப்போது பின்னால் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு இரத்தினம் அண்ணையே ஒரு அடுக்குப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, இதை எங்கை போடுறது என்று கேட்டார். நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுப் பிரெஞ்சுக்கார மனிசியும் வெளியே வந்துவிட்டா.

அதற்குப் பிறகு மணி நிற்கவில்லை. சிவாஜினி மரக்கறிக் கறியோடு, வாமதேவன் குடும்பம் இரண்டு றாத்தல் பாணோடும் சம்பலோடும், பங்கு மாதர் சங்கம் முழுவதும் வெள்ளைச் சீலையில். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று யாரோ என் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டார்கள். ரொறொன்ரோவிலிருந்து ஒருவர் போன் எடுத்து, செசில் தங்கள் சகலனின் தாய்வழியில் வருகிறவர் என்று கால் மணித்தியாலம் முறை விளங்கப்படுத்தினார். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டவர் மடுத்தீன் அண்ணைதான். எண்பத்து நாலு வயது, தடியை ஊன்றிக்கொண்டு நடுக் கதிரையில் இருந்து, செசிலோ, என்னோடை குருநகரிலை விளையாடினவன், இடக்கால் அடி எண்டால் வலை பிய்யும், ஆனா பெனால்ட்டி மட்டும் அவனிட்டைக் குடுக்கக்கூடாது என்றாரே பார்க்கலாம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அறிவித்தலில் பெனால்ட்டி பற்றி நான் ஒரு சொல் எழுதவில்லை. பிறகுதான் தெரிந்தது, தன்னோடு விளையாடிய எல்லோரையும் பற்றி அவர் அப்படித்தான் சொல்லுவாராம்.

இதற்கு மேல் மறைத்தால் பாவம் என்று நடு அறையில் எழும்பி நின்று உண்மையைச் சொன்னேன். நாற்பது பேர் இருப்பார்கள், கட்டிலிலும் நிலத்திலும் குசினி வாசலிலும். இவர் எங்கள் ஆள் இல்லை, இங்கிலாந்துக்காரர், செத்து நூற்றொன்பது வருடம், வருடம் போடாதது என் பிழை என்றேன். பிறகு வாமதேவன்தான் முதலில் சிரித்தான், அதோடு ஒரு சிரிப்பு, என் வீடு அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஆனால் ஒருவரும் எழும்பவில்லை பிள்ளை. வந்தது வந்தாயிற்று, அந்தப் பெடியன்ரை கதையை முழுசாச் சொல்லு என்று தில்லைநாயகி அக்கா கேட்டார். சொன்னேன். கூவினதையும் சொன்னேன், பெனால்ட்டியையும் ரொட்டியையும் சொன்னேன். ரொட்டிக் கடைக்காரனைச் சனம் திட்டின திட்டு அவன் எலும்புக்குக் கேட்டிருக்கும். கடைசிக் கடிதத்துக்கு வந்தபோது மாதர் சங்கத் தலைவி தானாகவே செபமாலையை எடுத்தா, இரத்தினம் அண்ணை சைவக்காரர், அவரும் கை கூப்பிக்கொண்டு இருந்தார். இஞ்சி போட்டு இரண்டு தரம் தேத்தண்ணீர் ஊற்றினேன். இந்த நேரம் பார்த்து மைதானத்துக்குக் கோடு போடப் போயிருந்த உன் அப்பா வந்திருக்கிறார். வாசலில் நாற்பது சோடிச் சப்பாத்து, உள்ளே செபமாலைச் சத்தம், என் குரலும் கேட்கவில்லை. மனிசன் நான்தான் போய்விட்டேன் என்று நினைத்துப் படியிலேயே இருந்துவிட்டார். கோடு போட்ட சுண்ணாம்புக் கையால் முகத்தைத் துடைத்து, முகம் முழுக்க வெள்ளை. நான் வெளியே எட்டிப் பார்த்து என்னப்பா என்று கேட்டதும், நீ இருக்கிறியோ என்றார். முப்பத்தைந்து வருடத்தில் அப்பா என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. அன்றிலிருந்து கோப்பி போட்டுத் தருகிறார், எவ்வளவு நாளைக்கோ தெரியாது.

இரவு எல்லாம் அடங்கியபிறகுதான் பயம் வந்தது. நீ எத்தனை தரம் சொன்னாய், சின்னதாக, அமைதியாக, ஒரு பூ, ஒரு செபம், மார்ஜரி அன்ரியின் இருதயம் பலவீனம் என்று. நாங்களோ அவவுடைய மாமனைத் தெருத் தெருவாக ஒட்டி, துக்க வீடு வைத்து, சிரித்தும் முடித்துவிட்டோம். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நான் திங்கட்கிழமை முழுக்க யோசிக்க, உன் அப்பா பெருமை தாங்காமல் அந்த நோட்டீசைப் படம் பிடித்து மார்ஜரி அன்ரியின் ஈமெயிலுக்கே அனுப்பி வைத்திருக்கிறார். நேற்று மத்தியானம் நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து அவ என் நம்பருக்கு எடுத்தா. தமிழ் வாசிக்க முடியாது, ஆனால் மாமனின் முகமும் சிலுவையும் மெழுகுதிரியும் தெரிகிறதே. இது என்ன என்று கேட்டா. ஹோட்டல் அறை துப்புரவு செய்து இருபது வருடத்தில் நான் படித்த இங்கிலீஷ் உனக்குத் தெரியும், துவாய் வேண்டுமா, படுக்கை விரிக்கவா, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழை, சனம் வந்தது, சாப்பாடு கொண்டு வந்தது, அழுதது, சிரித்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பிறகு அவ மெல்ல மெல்ல, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. தந்தி வந்த அன்று எல்சிக்குப் பதின்மூன்று வயதாம். தாய் ஆன் அழவில்லையாம். முன்னறையைக் கூட்டி, மேசை விரிப்புப் போட்டு, வீட்டில் இருந்த அத்தனை கோப்பையையும் எடுத்து வைத்து, சனம் வரும் என்று சட்டை மாற்றிக்கொண்டு இருந்தாவாம். ஒருவரும் வரவில்லையாம். அந்தப் பெனால்ட்டிக் கோபத்தில் இல்லை, அந்தக் கிழமை அந்த மூன்று தெருவுக்கும் பதினொரு தந்தி வந்ததாம், ஒவ்வொரு வீடும் தன் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்ததாம். மூன்றாம் நாள் எல்சிதான் கோப்பைகளைத் திருப்பி அலுமாரிக்குள் வைத்தாளாம். சாகும்வரை ஒவ்வொரு ஒக்டோபரும் தன் அம்மா இதைச் சொல்லுவா என்று மார்ஜரி அன்ரி சொன்னா. சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டா. இரண்டு தரம் கொடுத்தேன் என்றேன். அதோடு அவவும் அழுதா, நானும் அழுதேன், இந்த முறை யாருக்காக அழுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

இனி நான் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அவவுக்கு, வந்து இறங்குகிற அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நம் வீட்டில் வந்து கதிரையில் இருக்க வேண்டுமாம். செத்தவருக்கு உரித்துக்காரராக. எங்கள் சனம் திரும்பவும் வருமா என்று கேட்டா, வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அனுஜா மறிப்பாள், அவள் நேர்ஸ், நீங்கள் தாய், நீங்களே எழுதுங்கள் என்று சொன்னவவும் அவதான், ஆகவே என்னைக் கோபிக்க வேண்டாம். மறிக்காதே பிள்ளை. லிப்ற் ஓகஸ்டில் திருத்தியாயிற்று, ஐந்து மாடி ஏற வேண்டியதில்லை. மருந்துப் பெட்டியோடு நீ பக்கத்திலேயே இருக்கலாம். கையைப் பிடித்து அழுவார்கள், பயப்பட வேண்டாம் என்று முதலே சொல்லிவை. கிருஷிகன் வருடத்தோடு புது நோட்டீஸ் அடித்துவிட்டான், இந்த முறை முழுக்க வாசித்தானாம். சாப்பாட்டுக்கு யார் என்ன கொண்டு வருவது என்று மாதர் சங்கம் இப்போதே அடிபடுகிறது.

குளிருக்கு இரண்டு காலுறை போடு, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, உன் தொண்டையை டொக்டரிடம் காட்டு என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன். மார்ஜரி அன்ரிக்கு நல்ல சப்பாத்துப் போட்டுக் கூட்டி வா, ஞாயிறு கல்லறையில் புல் ஈரமாக இருக்கும். கர்த்தர் உன்னையும் உன்னை வைத்துப் பார்க்கிற அந்தக் கையையும் ஆசீர்வதிப்பாராக, மடு மாதா பயணத்தில் துணை வருவா. அப்பாவும் றொபின்சனும் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள்.

ஒன்று மறக்காமல் செய். ஒரு கொப்பியும் நல்ல பேனாவும் கொண்டு வா. வந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக்கொண்டு போய்த் தன் தாயின் கல்லறையில் வாசிக்க வேண்டுமாம் மார்ஜரி அன்ரிக்கு. துக்க வீட்டிலிருந்து எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள், மெல்ல எழும்பிப் போய்விடுவார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த ஒரு வீட்டில் மட்டும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னையும் அவவையும் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா
ஸ்ரீபன் சுகிர்தம்